அப்பீலுக்கு வந்த காமாலை

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலியும் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்கிறதா? நல்லது. அப்படியென்றால் பொம்மனஹள்ளி ஸ்ரீகண்டன் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

"அப்பீல் போடற நாள் தாண்டிப் போச்சு சார்," என்றார் வக்கீல் நஞ்சுண்டப்பா, கடையில் பால் பாக்கெட் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி.

ஸ்ரீகண்டன் மேல், 'உங்கள் பாத்ரூம் என் மனையில் நிற்கிறது, இடிக்கணும்' என்று பக்கத்து வீட்டு அனந்தபத்மநாபன் போட்ட கேஸ் அது. தீர்ப்பு சொன்ன நேரத்தில் ஸ்ரீகண்டன் கோர்ட் கேண்டீனில் மசால்தோசையோடு இருந்தார். வெளியே வந்தால், அனந்தபத்மநாபன் போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். போச்சு! அந்தக் கோபத்தில் பழைய வக்கீலின் போனைக்கூட எடுக்காமல், நேரே நஞ்சுண்டப்பாவைப் போய்ப் பிடித்தார்.

"ஆஷாடத்துல ஒண்ணும் பேடா, வேணாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"எங்க கன்னட ஆஷாடம் முடிஞ்சப்போ, உங்க தமிழ் ஆடியும் போகட்டும்னு சொன்னது உங்க மேடம்!"

"பின்னே? ஆடியில யாராவது காரியம் ஆரம்பிப்பாளா?" என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி. "அதெல்லாம் விடுங்கோ. பாத்ரூமை இடிச்சா, குளிக்க ஊர்க்கோடி அத்திபெலேக்கா போறது? ஏதாவது வழி பண்ணுங்கோ."

"லேட்டுக்குக் காரணம் சொல்லி மனு போடலாம். ஆடின்னு எழுதினா ஜட்ஜ் சிரிப்பாரு. மஞ்சக்காமாலைன்னு போட்டுடறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லையே!"

"பேப்பர்லதானே சார் வருது, உடம்புலயா வருது?"

மனுவின் நகல் ஒன்று எதிராளிக்கும் போக வேண்டும் அல்லவா? போனது. மறுநாள் காலையில் அனந்தபத்மநாபன் சொம்பும் கையுமாக வாசலில் நின்றார்.

"காமாலையாமே! ஒரு வார்த்தை சொல்லலையே ஓய்! கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து கொண்டு வந்திருக்கேன். என் கண்ணு முன்னாடி குடியும்."

குடித்தார். கசப்பு காதுவரை ஏறியது. தினமும் சொம்பு வந்தது. பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்று ஜெயலக்ஷ்மி உப்பையும் புளியையும் நிறுத்தினாள். நாக்கு செத்துப்போன ஸ்ரீகண்டன் ஒருநாள் சந்தாபுராவுக்கு பஸ் ஏறி, சூடான மிளகாய் பஜ்ஜியை வாய்க்குக் கொண்டு போனபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"காமாலைக்கு எண்ணெய் ஆகவே ஆகாது ஓய்," என்று அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார் அனந்தபத்மநாபன்.

தொலைந்தது! பாத்ரூமோடு மானமும் போகப்போகிறது. விசாரணையன்று ஸ்ரீகண்டன் தன் வக்கீலின் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

"இந்த மனுவுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார் ஜட்ஜ்.

"இல்லவே இல்லை," என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "அப்பீலையே இன்னிக்கு அனுமதிச்சாலும் எங்களுக்கு சந்தோஷம்தான்."

மனுவை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார். வெளியே வந்த ஸ்ரீகண்டன், கண் கலங்க அனந்தபத்மநாபனைக் கட்டிக்கொண்டார். பின்னாலேயே பேப்பர் கட்டோடு வந்த எதிர்த்தரப்பு ஜூனியர் ஜோவிதாவிடம், "உங்க கட்சிக்காரர் தெய்வம்மா!" என்றார்.

"ஒரே ஒரு சந்தேகம் அங்கிள்," என்றாள் ஜோவிதா. "பாத்ரூமை இடிக்க வேணாம்னு உங்க பக்கம்தானே தீர்ப்பு வந்துச்சு? அதை ரத்து பண்ணச் சொல்லி நீங்களே ஏன் அப்பீல் போட்டிருக்கீங்க?"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். ஸ்ரீகண்டனுக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.