ராகுகாலத்தில் இறுகிய களிமண்

2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, காலை 9 மணி 50 நிமிடம். வானம் மூட்டம், காற்று இல்லை, மழை இன்னும் வரவில்லை. படாளத்தில் என் வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் முப்பது அடி வழியின் முனையில், ஒரு மண்குவியலுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் வேறு யாரும் பொறுப்பில்லை.

அந்த வழி களிமண். மழை பெய்தால் செருப்பை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது (இதுவரை ஏழு, ஜோடியாகப் போனது ஒருமுறைதான்). என் மனைவி விசாலத்துக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆகிப் பதினோரு வாரம். வாக்கர் பிடித்து நடப்பாள். சேற்றில் வாக்கர் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் அவள் தங்கை கமலாவின் வீட்டுக் கிரகப்பிரவேசம். அக்காவும் தங்கையும் பேசி நாலு வருடம் ஆகிறது. கமலாவே போன் செய்து, "ஒன்பதுக்குள்ள வந்துடு. வரலன்னா இதோட சரி" என்று வைத்துவிட்டாள். ஆகவே ஞாயிறு காலைக்குள் வாசல்வரை கார் வந்தாக வேண்டும்.

கொத்தனார் ஏழுமலை ஒரே வரியில் முடித்தார். "ரெண்டு லோடு கப்பிக்கல்லு கொட்னா வேலை முட்ஞ்சிது சார்."

முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவனுக்கு இவ்வளவு எளிய விடை பிடிக்காது. களிமண்ணில் நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமென்ட், இருபது பங்கு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து, அளவாக நனைத்து இடித்தால் கெட்டித் தரையாகும் என்று படித்திருந்தேன். வழியை அரையடி ஆழத்துக்கு வெட்டி, மண்ணை வழி தெருவில் சேரும் முனையில் குவித்தோம். சிமென்ட் ஆறு மூட்டை. அச்சரப்பாக்கம் பக்கம் சாம்பல் கல் அறுக்கும் இடத்திலிருந்து சாம்பல் இருபது மூட்டை.

"சாம்பல்ல ரோடா?" என்றார் ஏழுமலை. "எங்க வூட்ல அத்த வெச்சி பாத்திரந்தான் வெளக்குவாங்க."

நனைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரப்பி இடித்துவிட வேண்டும் என்பது விதி. அதைச் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்.

10.25க்குக் கலவை தயார். ஏழுமலை மண்வெட்டியை எடுத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். (எனக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை கிடையாது. அந்த நேரத்தில் எதையும் தொடங்குவதில்லை, அவ்வளவுதான்.)

"பன்னிரண்டுக்கு மேல பரப்பலாம்" என்றேன்.

"அதான் கலக்கசொல்லவே ஆரம்பிச்சாச்சே சார்?"

"அது ஏற்பாடு. பரப்பறதுதான் ஆரம்பம்."

"அப்ப நாங்க போய்த் துன்ட்டு வந்துர்றோம்" என்று தன் இரண்டு ஆட்களோடு கிளம்பினார்.

கணக்குப்படி விதியைவிடப் பத்து நிமிடம்தான் கூடுதல். ஆனால் அவர்கள் திரும்பியது 1.20க்கு. 1.30க்கு மழை. குவியலைத் தார்ப்பாயால் மூடினோம். மழை விட்டது 2.55. மூன்று முதல் நாலரை எமகண்டம்.

ஜன்னலிலிருந்து விசாலம் கேட்டாள். "ராகு போய் இப்ப எமனா? இன்னும் யாராவது வரணுமா?"

நாலு மணிக்கு ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை ராகுகாலம். 10.31க்கு ஏழுமலை தார்ப்பாயை விலக்கிக் கடப்பாரையை இறக்கினார். 'டங்' என்றது. இன்னும் நாலு இடத்தில் இறக்கினார். நாலு 'டங்'.

"சார், உங்க ரோடு நல்லாத்தான் வந்துகீது" என்றார். "இன்னா ஒண்ணு, படுக்க வேண்டியது நின்னுகினு கீது."

ஆக, வாசலிலிருந்து முப்பது அடி நீளத்துக்குத் தண்ணீர் நிரம்பிய பள்ளம். அது முடியும் இடத்தில் நாலடி உயரத்தில் ஒரு குன்று. முன்பு இருந்தது சேறு மட்டும்.

ஞாயிறு காலை 7.40. பட்டுப்புடவை கட்டிய விசாலத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஏழுமலையும் மூன்று பேரும் தூக்கினார்கள். அவள் மடியில் வாக்கர். பின்னால் நான், அவள் கைப்பையோடு.

எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, "இன்னா அண்ணாத்த, சாமி பொறப்பாடா?" என்றார். ஏழுமலை, "தள்ளு நைனா, வெயிட்டா கீது" என்றார். விசாலம் இருவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

குன்றின் உச்சியில் நாற்காலியின் இடது பின்கால் முறிந்தது. அவள் விழவில்லை; அப்படியே உச்சியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு நாற்காலி வரும்வரை ஆறு நிமிடம் அங்கேயே இருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் போனை எடுத்தாள்.

"கமலா, கிளம்பிட்டேன். ஆனா ஒன்பதுக்கு வருவேனான்னு தெரியல. தெருமுனைல ஒரு மலை மேல உக்காந்திருக்கேன். இல்லடி, நிஜ மலை. உங்க மாமா செஞ்சது."

மறுமுனையில் எழுந்த சிரிப்பு குன்றின் அடிவாரத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"அக்கா, இறங்காத. போட்டோ எடுத்து அனுப்பு மொதல்ல."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 9.20. அக்கா வராமல் பால் காய்ச்சக் கூடாதென்று கமலா அடுப்பைப் பற்றவைக்கவிடாமல் நின்றிருந்தாளாம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினார்கள். அழுததாகச் சொல்கிறார்கள், நான் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்து குன்றை உடைத்தது. வழியில் இரண்டு லோடு கப்பி கொட்டினோம். அன்றே கார் வாசல்வரை வந்தது. குன்றின் மேல் விசாலம் உட்கார்ந்திருக்கும் படம் இன்று கமலா வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்பே கதை சொல்லப்படுகிறது. மாமல்லபுரத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை 'மலை மாமா' என்கிறார்கள் (நேற்றுவரை பதினான்கு பேர்).

நாலு வருடச் சண்டை தீர்ந்ததற்கு இது மலிவு என்கிறாள் விசாலம். எல்லாச் செலவும் சேர்த்து, நாற்காலி உட்பட, 26,870 ரூபாய்.