ஓடக்காரர் செத்திருக்க வேண்டிய மேட்னி ஷோ

நாவலைப் படித்துவிட்டு அதிலிருந்து எடுத்த சினிமாவுக்கு வருகிறவர்களைத் தியேட்டர் வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும். பையைத் திறக்கச் சொல்லி முறுக்குப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள் இல்லையா? முறுக்கால் எந்த ஷோவும் கெட்டதாகத் தெரியவில்லை. நாவல் படித்தவர்களால் கெட்டிருக்கிறது. என்னால் ஒரு கல்யாணமே கவிழப் பார்த்தது. அதுவும் என்னுடைய கல்யாணம்.

கல்லூரிக் காலத்தில் எனக்கு ஓர் ஆங்கில நாவல் பைத்தியம் பிடித்திருந்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. மூன்று பாகம், ஒவ்வொன்றையும் தலையணையாகவே வைத்துக்கொள்ளலாம். கடலில் முக்கால்வாசி மூழ்கிப்போன ஒரு நகரம், அதை ஆளும் கொடுங்கோல் ராணி, அவளை எதிர்க்கும் ஒரு சின்னப் பெண். (பெயரைச் சொல்லமாட்டேன். அதன் ரசிகைகள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும், நானே அதில் ஒருத்தி.) அந்தப் பெண்ணுக்கு ஒரு காது கேட்காது. பேச்சு திக்கும். மூழ்கிய நகரத்தில் இருந்துகொண்டு நீச்சலும் தெரியாது. அவளை ஊர் ஊராகத் தன் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு கிழவர், முதல் பாகத்தின் கடைசியில் அவளைக் காப்பாற்றுவதற்காகப் புயலுக்குள் ஓடத்தைத் திருப்பிச் செத்துப்போவார். அந்தப் பக்கத்தை பஸ்ஸில் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் கண்டக்டர் பதறிப்போய், "இன்னாமா, பர்ஸ அட்ச்சிட்டானா?" என்று கேட்டார். அன்றைக்குப் பாரிமுனையில் இறங்க மறந்து, அதே பஸ்ஸில் ராயபுரத்துக்கே திரும்பி வந்துவிட்டேன்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போய், வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த நேரம் பார்த்து அந்த நாவல் சினிமாவாக வந்து தொலைத்தது.

மாப்பிள்ளையின் பெயர் அருள். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வீடு விம்கோ நகர். அவருடைய அப்பா சவரிமுத்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சினிமா என்றால் சோறு வேண்டாம். பெண் பார்க்கும் சடங்கையே அவர்தான் மாற்றினார். "வூட்ல குந்திகினு கேசரி துன்னுட்டு மூஞ்ச மூஞ்ச பாத்துக்கறதெல்லாம் இன்னாத்துக்கு? ஒரு படம் பாக்கலாம். பொண்ணு எந்தப் படம் சொல்லுதோ அந்தப் படம்" என்று போனில் சொன்னாராம். இப்படிப்பட்ட மாமனார் யாருக்குக் கிடைப்பார்? நான் அந்தப் படத்தைச் சொன்னேன். தமிழ் டப்பிங்தான் வேண்டும் என்று அவர் சொன்னார். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அம்மா தன் பங்குக்கு அவர்களிடம், "எம் பொண்ணு அமைதி. வாயத் தொறந்து ஒரு வார்த்த வராது" என்று சொல்லி வைத்திருந்தார். (அம்மா சொன்ன பெண்ணுக்கும் எனக்கும் இருந்த தொடர்பு, அந்த நாவலுக்கும் படத்துக்கும் இருந்ததைவிடக் குறைவு.) அப்பா ஹார்பரில் ஷிஃப்ட் இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டார். நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போனோம். என் கைப்பையில் நாவலின் முதல் பாகம். எதற்கு? ஆதாரத்துக்கு.

கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் எல்லோருமே தாமதம். உள்ளே போனபோது படம் ஆரம்பித்திருந்தது. அம்மா, நான், சவரிமுத்து அங்கிள், அருள், அருளின் அம்மா என்ற வரிசையில் உட்கார்ந்தோம். அங்கிள் என் பக்கம் சாய்ந்து, "இதுவரைக்கும் இன்னா நடந்துச்சி பாப்பா?" என்று கேட்டார். ஆயுள் முழுக்க இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாவலின் முதல் மூன்று அத்தியாயத்தையும் குசுகுசுவென்று ஒப்பித்தேன். கதாநாயகிக்கு ஓர் இரட்டைத் தங்கை, அவளைச் சிறையில் அடைத்திருக்கிறார்கள், அவளை மீட்கத்தான் அக்கா கிளம்புகிறாள்.

திரையில் கதாநாயகி வந்தாள். நாவலில் பதினாறு வயது, இங்கே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள் போல ஒரு தோற்றம். தண்ணீருக்கு அடியில் மீனாக நீந்தி மேலே வந்தாள். தலைமுடி ஈரமாகவில்லை. அந்தக் காதுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால், பக்கத்துத் தீவில் ஹீரோ பெருமூச்சு விட்டது இவளுக்குக் கேட்டது.

"புக்குல இப்படி இல்ல அங்கிள்" என்றேன்.

"அப்டியா? அந்தத் தங்கச்சி எப்ப வருவா?"

சற்று நேரம் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "தங்கச்சி இல்ல போல அங்கிள்."

"ஐயயோ. செத்துட்டாளா?"

"இல்ல, எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்துகினு போனது? ராணியா?"

"டைரக்டர்."

அங்கிள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அம்மா என் தொடையில் கிள்ளினார். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ராணி வந்துவிட்டாளே! நாவலில் ராணி கோபம் வந்தால் பேசமாட்டாள், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். அந்த ஒரு சாத்தலுக்கு ஆசிரியர் ஒரு பக்கம் எழுதியிருப்பார். படத்தில் ராணி பால்கனியில் நின்றுகொண்டு செந்தமிழில் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். ராஜகுமாரனும் செந்தமிழ். அவர்களுடைய அடியாட்கள் மட்டும், "இன்னாடா, சொம்மா சீன் போட்டுகினு கீற?" என்றார்கள். உலகமே கடலில் மூழ்கினாலும் அடியாள் வேலைக்கு ஆள் எடுப்பது எங்கள் ஏரியாவிலிருந்துதான் போலிருக்கிறது. தியேட்டரில் விசில் பறந்தது. ராணியின் செந்தமிழுக்கு இல்லை, அடியாளுக்கு.

இடைவேளையில் அங்கிள் எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தார். "ஏம் பாப்பா, புக்குல இண்டர்வல் எங்க வரும்?" என்று கேட்டார். கிண்டல் என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கம் புரட்டி, இந்த இடம்தான் என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி, அதன்மேல் சமோசாவை வைத்துச் சாப்பிட்டார். அட்டைப்படத்தில் கதாநாயகியின் முகத்தில் எண்ணெய் இறங்கியது. அருள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சட்னி வேணுமாப்பா?" என்றார். அவர் முகத்தை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் பாதியில் அங்கிள் அந்த ஓடக்காரரோடு ஒட்டிக்கொண்டார். கிழவர் துடுப்புப் போடும்போது இவர் தோளும் அசைந்தது. எனக்கோ ஒரே பூரிப்பு. படம் எதைக் கெடுத்தாலும் அந்தச் சாவைக் கெடுக்க முடியாது, அது இல்லாமல் கதையே இல்லை. புயல் ஆரம்பித்ததும் அங்கிளிடம் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். "வச்சுக்கோங்க அங்கிள். இப்ப அழுவீங்க."

அழுதார். ஓடம் உடைந்தது, தொப்பி மட்டும் மிதந்தது, தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நானும் அழுதேன். டைரக்டர் செய்த பாவம் எல்லாவற்றையும் அந்த நிமிடத்தில் மன்னித்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். கரையில் ஒரு கை அசைந்தது. வயலின் எழும்பியது. ஓடக்காரர் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, மிதந்து வந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, சிரித்தார்.

தியேட்டர் இடிந்து விழுவதுபோல் கைதட்டல். அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே!" என்று எழுந்து நின்றுவிட்டார். நானும் எழுந்து நின்றேன். வேறு காரணத்துக்காக.

"இல்ல! அவர் செத்துட்டார்! அவர் சாகணும்!"

கைதட்டல் அப்படியே அடங்கியது. முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "யக்கா, குந்துக்கா. அந்தாளு பொழச்சா உனுக்கு இன்னா பேஜாரு?"

இந்த இடத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் உட்கார்ந்திருப்பாள். நான் பதில் சொன்னேன். "ரெண்டாவது பார்ட் முழுக்க அவர் சாவுக்குப் பழிவாங்கறதுதான் கதையே! இவர் உயிரோட இருந்தா எதுக்குப் பழிவாங்குவா?"

"அய்ய, ரெண்டாவது பார்ட்டையும் சொல்லிட்ச்சிடா!"

"வுடு மாமு. யக்கா, மூணாவதுல இன்னா ஆவுது, அதையும் சொல்லிடு. நாங்க அப்டியே வூட்டுக்குப் போறோம்."

அவன் நக்கலாகத்தான் கேட்டான். நான் சொன்னேன்.

"அந்த ராணிதான் அவளோட சொந்த அம்மா!"

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பாப்கார்ன் வந்தது. ஒரு செருப்பும் வந்தது, ஆனால் அது குறிவைத்து எறிந்தது அல்ல என்று அருள் இன்றுவரை சொல்லுகிறார். டார்ச் லைட்டோடு தியேட்டர் ஊழியர் வந்து, "யம்மா, நீ வெளிய வந்துடு. இல்லாங்காட்டி ஸ்க்ரீன கிழிச்சிடுவானுங்க" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். அங்கிள் ஒரு நிமிடம் யோசித்தார். "எங்கள நம்பி வந்த பொண்ணு. தனியா அனுப்பறது நல்லாருக்காது" என்று குடும்பத்தோடு எழுந்தார். எழுந்தாரே தவிர, திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, கதவு சாத்துகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். கிளைமாக்ஸ் இன்னும் வரவில்லை.

வெளியே பட்டப்பகல் வெயில். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் அருளின் அம்மா மெதுவாக, "அமைதியான பொண்ணுன்னு சொன்னீங்க" என்றார்.

"வூட்ல அப்படித்தாங்க இருக்கும்" என்றார் அம்மா.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கதவைச் சாத்தினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "செத்தவன் பொழச்சா உனக்கு இன்னாடி? ஏசு கூடத்தான் பொழச்சாரு. ஈஸ்டர் பூசையில எழுந்து நின்னு இப்படிக் கத்துவியா?"

"அது புக்குலயே அப்படித்தான்மா இருக்கு" என்றேன்.

அம்மா கரண்டியைத் தேடினார். நான் மாடிக்கு ஓடினேன்.

சம்பந்தம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அன்றிரவு படுக்கையில் கிடந்து யோசித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொடுமைப்படுத்தப்பட்டது நாவல். ஆனால் நான் நினைத்து நினைத்து அழுதது, சட்னி வேண்டுமா என்று கேட்ட ஒரு முகத்தை.

மறுநாள் மத்தியானம் அருள் போன் செய்தார். நான் மன்னிப்பு கேட்க வாயெடுப்பதற்குள், "ராணி எப்டிங்க அவளுக்கு அம்மா ஆனாங்க?" என்று கேட்டார். "நைட்டெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. தங்கச்சி ஒண்ணு கீதுன்னு வேற சொன்னீங்களாமே."

சொல்ல ஆரம்பித்தேன். யார்டில் லாரிகளின் சத்தத்துக்கு நடுவே அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். ஒரு வரி விடாமல், ஒருவரையும் பிழைக்க வைக்காமல் சொன்னேன். மூன்றாம் பாகம் முடிவதற்குள் கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பை, அதுதான் ஓலையை, வாசித்துவிட்டார்கள். கதை முடிந்தபிறகு பேச வேறு என்ன இருக்கும் என்று இவருக்கு ஒரு பயம் வந்ததாகக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னார். (ஒன்றும் இருக்காது என்று பயந்தாராம். பாவம், இப்போது அப்படி ஒரு நாள் வராதா என்று ஏங்குகிறார்.)

ஆனால் அங்கிளை (இப்போது எனக்கு மாமா) கதை சொல்லிச் சமாதானப்படுத்த முடியவில்லை. அந்தப் படத்தின் கிளைமாக்ஸை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் போடுகிறார்கள். ஓடக்காரர் எழுந்து தொப்பியைப் போட்டதும் டிவியை நிறுத்திவிடுவார். "இதுக்கு மேல எனுக்குக் குடுத்து வைக்கல" என்று பெருமூச்சு விடுவார். இரண்டாம் பாகம் வந்தபோது குடும்பமே என்னிடம் உண்மையைச் சொல்லாமல் ஞானஸ்நான விழாவுக்குப் போவதாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போய் வந்தது. புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் மாமா என்னை அறிமுகப்படுத்தும் வாசகம் ஒன்றுதான். "எங்க மருமவ. செத்ததுக்கு ஒப்பாரி வைக்கிற பொம்பளைங்கள ஊர்ல பாத்திருப்ப. பொழச்சதுக்கு ஒப்பாரி வச்ச ஒரே பொம்பள எங்க வூட்லதான் கீது."

போன வருடம் மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். பயந்துபோய்விட்டோம். இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள். முதலில் போனது நான். கட்டில் அருகே நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். மாமா மெல்லக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இந்தப் பொண்ண வெளிய அனுப்பு. நான் பொழச்சதுல இதுக்கு இஷ்டமில்ல."

அந்த நர்ஸ் வேலைக்குப் புதுசு. அழுதுகொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று கதவைத் திறந்து பிடித்தார்.