பரோனின் நெற்றியில் ஒரு பொட்டு

பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள். என் பொறாமைக்கு மூளையும் இருக்கவில்லை. நான் பொறாமைப்பட்ட ஆள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செத்துப்போனவர்.

கலியாணமான புதிது. என் மனைவி வதனி, இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஒரு சீமாட்டியின் வீட்டில் வேலை செய்தாள். அங்கே ஒரு பரோன் இருந்தார். சிஞ்ஞோராவின் மூதாதை, அந்தக் காலத்துப் பிரபு. உள்ளங்கைக்குள் அடங்கும் தந்தத் துண்டில் நீர்வர்ணத்தால் தீட்டிய முகம். வேலை முடிந்து வந்தால் வதனிக்கு அவர் கதைதான். என்ன கண், என்ன நிறம், புருவத்தை மயிர் மயிராகக் கீறியிருக்கிறார்களாம். (எனக்கும் இரண்டு புருவங்கள் உண்டு. யாரும் விசாரித்ததில்லை.)

ஒருநாள் படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. வியா மக்வேதா வீதிக் கடையொன்றில் புதுசு போட்டுவரும்படி சிஞ்ஞோரா வதனியிடம் கொடுத்துவிட்டார். கடை பூட்டியிருந்ததால் பரோன் எங்கள் வீட்டுக்கே வந்து, பிரிட்ஜின் மேல் அமர்ந்துகொண்டார். வதனி கோப்பை கழுவிக்கொண்டே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஆள் செத்தவர் என்பதை இவளுக்கு உறைக்கவைக்க வேண்டும். செத்தவர் படத்துக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? அவள் குளிக்கப் போன நேரம் சந்தனம் குழைத்து, நெற்றி நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். (ஊதுபத்தியும் கொளுத்தினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.)

வாசம் பிடித்து வந்த வதனி மெல்லிய குரலில் கேட்டாள்: "கண்ணாடி இல்லாத படமெல்லோ?"

பதறி, ஈரவிரலால் துடைத்தேன். பொட்டோடு நெற்றியும் வந்தது. புருவத்தில் பாதியும் வந்தது. பயத்தில் இன்னும் பெரிய பொட்டாக வைத்து மூடினேன். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, இருந்தது. வேலை போனால் இருவரும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

மறுநாள் இருவருமாகப் போனோம். வதனி ஒன்றையும் மறைக்கவில்லை, என் பொறாமையைத் தவிர. எங்கள் ஆட்கள் இறந்தவர்களை மதிக்கும் முறை இது, ஆனால் கீழே நெற்றி போய்விட்டது என்றாள். சிஞ்ஞோரா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த வீட்டில் அவரைத் தூசு தட்டியிருக்கிறார்கள், ஒருவரும் கும்பிட்டதில்லை என்றார். பொட்டோடே புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

இப்போது ஒவ்வொரு நவம்பரிலும், இறந்தவர்களின் திருநாளுக்கு, சிஞ்ஞோரா என்னை அழைக்கிறார். அவருடைய மூதாதையர் அத்தனை பேருக்கும் கண்ணாடிக்கு மேல் பொட்டு வைப்பது என் பொறுப்பு. வீட்டில் நான் முகத்தைத் தூக்கிவைத்தால் மகள் கேட்கிறாள்: "அப்பா, சந்தனம் குழைக்கட்டோ?"

வதனி இன்னும் மோசம். "பொட்டோடை பார்த்தால் இப்ப எங்கட ஆள் மாதிரியெல்லோ இருக்கிறார்" என்கிறாள்.

முன்பு அவர் வெள்ளைக்காரர் என்ற ஆறுதலாவது எனக்கு இருந்தது.