எபெக்ட்டு செய்த தறிச்சத்தம்

காஞ்சிபுரத்தில் எபெக்ட்டைப் போல் காதால் வாழ்ந்த மனிதர் வேறு யாரும் இல்லை. மழை வந்தால் எங்கள் தெருவே காயப்போட்ட துணியை எடுக்க ஓடும். அவர் வாசலில் தகரத்தைப் போட ஓடுவார். தகரத்தில் மழை எப்படி விழுகிறது என்று கேட்க வேண்டுமாம்.

கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் அவருக்கு வேலை. படத்துக்குச் சத்தம் செய்யும் சவுண்டு எபெக்ட்டு வேலை. படத்தில் குதிரை ஓடினால் தேங்காய்ச் சிரட்டை தட்டுவார். பறவை பறந்தால் குடையை விரித்து மடக்குவார். தினமும் விடியலில் பஸ் ஏறுவார். கையில் ஒரு சாக்குப் பை. சொந்தப் பேர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் எபெக்ட்டு என்றோம்.

அவரோடு கடைக்குப் போகக் கூடாது. ஒருமுறை போனேன். அப்பளக் கட்டைப் பிரித்து, காதுக்குப் பக்கத்தில் ஒன்றை உடைத்தார்.

"இது ஆவாதுப்பா. வேற காட்டு."

"இன்னா கொறை?" என்றார் கடைக்காரர்.

"எலும்பு முறியற மாதிரி இல்ல."

"யோவ், துன்றதுக்கு வாங்கறியா, இன்னாத்துக்கு வாங்கறே?"

செருப்புக் கடையிலும் அப்படித்தான். கிறீச்சென்று கத்தும் ஜோடியைத் தேடி எடுத்தார். பேய் நடக்க வேண்டுமாம்.

ஒருநாள் அவர் சம்சாரம் கோபத்தில் பித்தளைத் தட்டைத் தரையில் எறிந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னோர் வாட்டி போடும்மா" என்றார். அந்த அம்மா மூன்று நாள் பேசவில்லை.

எழுபதாம் வருஷ வாக்கில் ஸ்டுடியோவுக்குப் புது இன்ஜினியர் வந்தார். அலமாரி நிறைய டேப் வைத்திருந்தார். இடி, மழை, குதிரை எல்லாம் டேப்பில். அந்த டேப்புகளில் தறி மட்டும் இல்லை. எடுத்துக்கொண்டிருந்த படத்தில் ஒரு தறி சீன். "இதைப் பண்ணிக் காட்டு. சரியில்லன்னா நாளையிலேர்ந்து வராதே" என்று எபெக்ட்டிடம் சொல்லிவிட்டார். பதினைந்து வருஷ வேலை.

அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். நான் தறிக்காரன். பாவு நூல் முடிந்து தறி சும்மா இருந்தது.

"நாளைக்கு என்னோட வாப்பா. நாடாவும் பலகையும் எடுத்துக்க."

போனேன்.

இருட்டு அறை. முன்னால் திரை, ஓரத்தில் கண்ணாடி அறை. அதற்குள் இன்ஜினியர். குறுக்கு நூல் கொண்டுபோகும் என் நாடாவை ஒரு கட்டைமேல் ஓட்டி, நூலை நெருக்கும் பலகையை அடித்துக் காட்டினேன். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"யாருய்யா அங்க அரிசி பொடைக்கறது?"

நிஜத் தறியின் சாமான். மைக்குக்கு அது பிடிக்கவில்லை.

எபெக்ட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். பையைக் கொட்டினார். சப்பாத்திக் குழவி, ஒரு மரத்தொட்டி, ஈரக் கயிறு, கட்டில் கால், தலையணை. திரையில் படம் ஓடியது. கதாநாயகன் தறியில் உட்கார்ந்து சோற்று உருண்டை போடுவதுபோல் நாடாவைப் போட்டார்.

"மிதிக்கட்டைய காலு தப்பா மிதிக்கிறாரு" என்றேன்.

"மிதிச்சிட்டுப் போறாரு. நீ சும்மா உக்காரு."

மறுபடி படம் ஓடியது. கட்டில் காலில் ஈரக் கயிற்றை முறுக்கினார். தொட்டியில் குழவியை உருட்டினார். தலையணை சுற்றிய கட்டையால் அடித்தார். இரண்டு கைதான் இருந்தது. நாலு கை வேலை நடந்தது. முகமெல்லாம் வேர்வை.

விளக்கு வந்தது. இன்ஜினியர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"தறி இப்பிடித்தான் கேக்குமா?"

முப்பது வருஷம் நெய்கிறேன். என் கண் நூலில் இருக்கும். சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாது என்றால் எபெக்ட்டின் வேலை போய்விடும். எபெக்ட்டு தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுருட்டினார்.

"தெரியலீங்க" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

இன்ஜினியர் சிரித்தார்.

"நீ சொல்லவே வேணாம்யா. கண்ணாடி வழியா பாத்துக்கினுதான் இருந்தேன். படம் ஓடற வரைக்கும் உன் ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிச்சிக்கினே இருந்தது. உன் செருப்புச் சத்தமும் டேப்புல ஏறிப்போச்சி."

குனிந்து பார்த்தேன். வலது கால் இன்னும் தூக்கியபடி இருந்தது. இறக்கினேன்.

"இருக்கட்டும், நல்லாத்தான் இருக்குது" என்றவர் எபெக்ட்டிடம் திரும்பினார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடு. கோயில் திருவிழா சீன் இருக்குது."

எபெக்ட்டு என் காலையே பார்த்தார்.

"செருப்பு பத்தலப்பா. அடி இன்னும் கொஞ்சம் கனமா இருக்கணும்."

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் முன் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மடியில் பலகை, தோளில் அவர் தலை. கை மரத்துப் போனது. காஞ்சிபுரம் வரும்வரை நான் அசையவில்லை.