விலகிக்கொள்ளும் உரிமை

முனைவர் பட்டம் வாங்கியே தீருவது என்று நான் சபதம் எடுத்தது, பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால். அன்றைக்கு என் முறை. உள்ளே மலை மாதிரி குவிந்து கிடந்தது. ஏறிப் போய்க் கொடியே நட்டிருக்கலாம்.

'வடிவமைப்பும் வணிகப் புத்தாக்கமும்' என்று ஒரு துறை. எப்படியோ இடம் கிடைத்துவிட்டது. தலைப்பை நானே யோசித்தேன்: 'பாத்திரம் கழுவும் பயனரின் அனுபவம்'. சூழ்ச்சி எங்கே என்று கேளுங்கள். ஆய்வாளர் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம். தொடக் கூடாது. தொட்டால் ஆய்வு கெட்டுப்போகும். மூன்று வருடம்!

"அப்போ யாருங்க கழுவுறது?" என்றாள் மனைவி.

"பயனர்."

"அது யாரு?"

"நீதாம்மா."

அவள் கோபப்படவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆய்வில் பங்கேற்பவருக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். பல்கலைக்கழகத்தில் என் ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் கைடு கொடுத்தது, நான்கு பக்கம். நான் படித்ததில்லை. அவள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் லேசாகச் சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் சொர்க்கம். நாற்காலியில் சாய்ந்தபடி எழுதினேன்: 'வாணலி: பெருமூச்சு மூன்று. டம்ளர்: முணுமுணுப்பு ஒன்று, அதில் என் பெயர் அடிபட்டது.'

பதினோராம் நாள் தொட்டி நிரம்பி வழிந்தது. பயனரைக் காணோம். கூடத்தில் கால்மேல் கால் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வரலையா?"

"நான் விலகிட்டேங்க."

"எதுலேர்ந்து?"

"ஆராய்ச்சியிலேர்ந்து. மூணாம் பக்கம் பாருங்க. பங்கேற்பவர் எப்ப வேணா விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. வற்புறுத்தக் கூடாது."

"ஆராய்ச்சியிலேர்ந்து விலகு. பாத்திரம் என்ன பண்ணுச்சு?"

"இப்ப வற்புறுத்துறீங்க."

அடுத்த மாதம் மதிப்பாய்வு. நாற்பது நாள் குறிப்பு இல்லாவிட்டால் என் இடம் காலி. கைடுக்குப் போன் போட்டு, அழாத குறையாகச் சொன்னேன்.

"வீட்டுல வேற யார் இருக்கா?"

"நான் மட்டும்தான் சார்."

"பிரமாதம்! நீங்களே பயனரா இறங்கிடுங்க."

"குறிப்பு யார் சார் எடுப்பா?"

"உங்க மனைவி. காலையிலேயே போன் பண்ணிச் சம்மதம் சொல்லிட்டாங்களே!"

இப்போது நாற்காலியில் அவள். தொட்டியில் நான்.

"வாணலி: பெருமூச்சு ஏழு," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

நுரைக் கையோடு திரும்பினேன். "நானும் விலகுறேன்! மூணாம் பக்கம்!"

"அது கையெழுத்துப் போட்டவங்களுக்குங்க. உங்ககிட்ட யாரு வாங்கினா?"

மறுபடி வாணலிப் பக்கம் திரும்பினேன். என்னையறியாமல் ஒன்று வெளியே வந்தது. அவள் ஏழு என்பதை அடித்துவிட்டு, எட்டு என்று திருத்தினாள்.