துரைக்கு இடமில்லை

"பாஸ்கல், நடு ஹாலை அடைச்சுக்கிட்டு நிக்கிற அந்த மூக்கில்லாத துரையை முதல்ல வெளியேத்துங்க" என்றார் இயக்குநர் வித்யா. "அடுத்த வாரம் டிரஸ்ட்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள அவர் போகலைன்னா, அவரோட நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்."

கோவில்பதாகையில் இருந்த அந்தச் சின்னத் தனியார் அருங்காட்சியகத்துக்கு பாஸ்கல்தான் காப்பாளர். துரை, ஆளுயரக் கருங்கல் சிலை. யார் பெற்ற பிள்ளையோ, ஊர் பேர் தெரியாது.

வேண்டாத பொருளை முதலில் இன்னொரு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. பூந்தமல்லியில் ஒருவர் பண்டமாற்றுக்குச் சம்மதித்தார். காலையில் துரையை ஏற்றிக்கொண்டு போன வேன், சாயங்காலம் துரையோடு திரும்பி வந்தது.

"அவங்க வாசல்ல துரை நுழையல சார்" என்றான் வேன் ஓட்டும் நிர்மல். "ஆனா பேசுனா பேசுனதுதான்னு இத்த ஏத்தி வுட்டாங்கோ."

துரையின் காலடியில், வாயைப் பிளந்தபடி பாடம் செய்த முதலை ஒன்று படுத்திருந்தது.

"ஏசப்பா! நீ ஏன்யா வாங்கிட்டு வந்தே?"

"ஃப்ரீன்னாங்கோ சார்!"

பாஸ்கல் முதலையைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டு, துரையை அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அன்று மாலையே, நடக்கப் போன பெண்கள் புதர் ஓரத்தில் எவனோ நின்று முறைக்கிறான் என்று போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். பாஸ்கல் ஓடிப்போய், ஜாமீனில் எடுப்பதுபோல் கையெழுத்துப் போட்டுத் துரையை மீட்டு வந்தார்.

"கவலய வுடு சார்" என்றான் நிர்மல். "பாரிவாக்கத்துல என் மச்சான் மனை சும்மாதான் கீது. பொதச்சுடலாம்."

பட்டப்பகலில் குழி வெட்டித் துரையை இறக்கினார்கள். மண்ணைத் தள்ளும்போது பழக்கதோஷத்தில் பாஸ்கல் ஒரு சின்ன ஜெபமும் சொன்னார்.

டிரஸ்ட்காரர்கள் வந்த அன்று ஹால் பளிச்சென்று விரிந்து கிடந்தது. வித்யா எல்லோர் முன்னாலும் பாஸ்கலின் கையைக் குலுக்கினார். அப்போது வாசலில் மேளச் சத்தம். லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்தது. மேலே மாலையும் மஞ்சளும் குங்குமமுமாகத் துரை! லாரிக்குப் பின்னால் நிர்மல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மச்சான் வூடு கட்ட கடகால் தோண்டிட்டான் சார்."

லாரியிலிருந்து குதித்த கிராம நிர்வாக அலுவலர் கார்த்திகேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஹாலை எட்டிப் பார்த்தார்.

"பூமிக்குள்ள கிடைச்ச பழைய சிலைங்க. பக்கத்துல இருக்கிற மியூசியத்துலதான் பத்திரமா வெக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நடு ஹாலைக்கூட காலி பண்ணி ரெடியா வெச்சிருக்கீங்களே, எப்படிங்க முன்னாடியே தெரிஞ்சுது?"