சுவருக்கும் நாகதோஷம்

நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கிய கருடானந்த சுவாமிகளைக் கண்டால் சொறி, சிரங்கு, படை, தேமல் எல்லாம் ஓட்டம் பிடிக்குமாம். சிராங்கூன் சாலை முழுக்க இதே பேச்சு. வரிசை அடுத்த சாலையான ஜாலான் புசார் வரை நீண்டது. சுவாமிகளின் கழுத்திலும் ஒரு படை இருந்தது. அது பக்தர்களின் வியாதியை அவர் வாங்கிக்கொண்டதால் வந்ததாம். சந்தேகப்பட்டால் நாக்கு அழுகும் என்று சொல்லியிருந்தார். ஆகவே ஒருவரும் சந்தேகப்படவில்லை.

வைத்தியம் இப்படி. முதலில் சீடன் உங்கள் கையில் மஞ்சள் நிறத்தில் 'சஞ்சீவிப் பூச்சு' தடவுவான். பிறகு சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு செம்பிலிருந்து 'நாகதீர்த்தம்' தெளிப்பார். பூச்சு இரத்தமாகச் சிவக்கும். நாகதோஷம், விஷம் வெளியே வருகிறது என்பார். வந்தவர்களில் சிவக்காதவர் ஒருவர்கூட இல்லை. இந்தச் சின்ன ஊரில் இத்தனை பேர் எப்போது பாம்படித்தார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் பூச ஒரு தைலம், விழுங்க ஒரு குளிகை. குளிகைக்குத் தங்க பஸ்பம் வேண்டும், தங்கம் உங்களுடையது. விழுங்கியவர்களுக்கு ஈறு வீங்கி எச்சில் ஒழுகியது. விஷம் இறங்குகிறது என்று அவர்களும் பூரித்துப்போனார்கள்.

மாட்டுக்கொட்டகை இராமசாமியின் மகள் குணமணிக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. அவள் முழங்கையில் காசளவு படை ஒன்றைப் பார்த்துவிட்டாள் வருங்கால மாமியார். கையோடு சுவாமிகளிடம் இழுத்து வந்துவிட்டாள்.

"தோஷம் இருந்தா குளிகை சாப்பிடணும். இல்லாட்டி கல்யாணம் கெடையாது," என்றாள் கண்டிப்பாக.

செத்துப்போன மனைவியின் இரண்டு தங்க வளையல்களையும் வேட்டி மடியில் முடிந்துகொண்டு இராமசாமி பின்னால் நின்றார். அம்மாவின் ஞாபகமாகக் குணமணிக்கு இருந்தவை அவை மட்டும்தான்.

சுவாமிகளின் மகிமைக்காக அன்று காலைதான் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். இன்னும் ஈரம் காயவில்லை. கையில் பூச்சோடு காத்திருந்த குணமணி அந்தக் கை படச் சுவரில் சாய்ந்தாள். திரும்பிப் பார்த்தால் கையும் சிவப்பு, சுவரும் சிவப்பு. தீர்த்தம் இன்னும் தெளிக்கவே இல்லை.

"சாமி, இந்தச் சுவத்துக்கும் நாகதோஷம் போல," என்றாள்.

சுவாமிகள் அசரவில்லை. "பாவிங்க பல பேரு சாஞ்ச சுவரும்மா. தோஷம் ஏறிடுச்சு."

கூட்டம் ஆமாம் போட்டது. மாமியார் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

குணமணி அவளிடமே கேட்டாள். "அத்தே, ஆலத்தி கரைக்கிறப்ப மஞ்சத் தண்ணில என்ன போடுவீங்க?"

"சுண்ணாம்பு."

"போட்டா?"

"செவப்பா..." என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்த பெண்களில் ஆலத்தி கரைக்காதவள் ஒருத்தியும் இல்லை. மஞ்சளுக்குச் சஞ்சீவி என்று பேர் வைத்ததும் அத்தனை பேருக்கும் மஞ்சளே மறந்துவிட்டது.

"சுவத்துல அடிச்சதும் சுண்ணாம்பு, அந்தச் செம்புல இருக்கறதும் சுண்ணாம்புத் தெளிவுதான். இல்லன்னா சாமி தன் கையில தெளிச்சுக் காட்டட்டும்."

சுவாமிகள் கைகளை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார். வரிசையில் நின்ற துணிக்கடை அப்துல் கையூமுக்கு அரிப்போடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. நாகதோஷம் மதம் பார்க்காது என்று அவரையும் அல்லவா நிற்க வைத்திருந்தார்கள். அவர் பூச்சை அள்ளிச் சுவாமிகளின் தொந்தியில் அப்பி, செம்பையும் கவிழ்த்தார். தொந்தி செக்கச் செவேலென்று ஆனது.

"சாமிக்கே விஷம் ஏறிடுச்சு லா. குளிகைய மொதல்ல அவருக்குக் குடுங்க," என்றார்.

கூட்டத்துக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. நாலு பேர் குளிகையை நீட்டினார்கள். ஊருக்கெல்லாம் ஊட்டிய கருடானந்தர் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டார். வாயைத் திறக்கவே இல்லை. ஈறு வீங்கியவர்களுக்கு அது குளிகையின் வேலை என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் தங்கள் தங்கத்தைத் தேடிச் சுவாமிகளின் பெட்டியை உடைக்கும் நேரத்தில் அவர் கொல்லைப்புறமாக ஓடிவிட்டார்.

மாமியார் பல்லைக் காட்டினாள். "தோஷம் இல்லன்னுதான் ஆயிடுச்சே. அடுத்த முகூர்த்தத்துலயே வச்சுக்கலாம்."

அப்பாவின் மடியிலிருந்து வளையல்களை வாங்கிப் போட்டுக்கொண்டே குணமணி சொன்னாள், "யோசிச்சுச் சொல்றேன் அத்தே."

யோசிக்கிறாளாம். அந்த வரிசையில் வேறு எவருக்கும் இல்லாத கெட்ட பழக்கம். படைக்குக் களிம்பு கடைதோறும் கிடைக்கிறது. செருப்போடு அறிவையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற வியாதிக்குத்தான் எந்தக் கடையிலும் மருந்து இல்லை. உங்களுக்கும் அது இருந்தால், மண்டையை நீங்களே சொறிந்து யோசித்துக்கொள்ளுங்கள்.